வாவிக்கரையில் ஒரு படப்புத்தகம்

மட்டக்களப்பில் ஒரு பழைய வீட்டின் அலுமாரியைத் திறந்து, உள்ளே இருக்கும் அல்பங்களை வயதுவாரியாக நிலத்தில் பரப்பிப் பாருங்கள். அறுபதுகளில் எடுத்த கறுப்பு வெள்ளைக் கலியாணப் படம் அநேகமாகத் தெளிவாக இருக்கும்; சாய்த்துப் பிடித்தால் ஓரங்களில் மட்டும் நீலம் கலந்த வெள்ளிப் பளபளப்புத் தெரியும். எழுபதுகளின் பிற்பகுதியிலும் எண்பதுகளின் தொடக்கத்திலும் எடுத்த கலர்ப் படங்களில் வானமும் வாவியும் வெளிறிப்போய், ஆட்கள் எல்லோரும் சிவந்து நிற்பார்கள். 2000க்குப் பிறகு வீட்டுப் பிரிண்டரில் அச்சிட்ட பிறந்தநாள் படத்திலோ பிள்ளையின் சட்டை நிறம் கேக்கின்மேல் கசிந்திருக்கும். மூத்த படம் தப்பி நிற்கிறது. இளைய படம் கெட்டுக்கிடக்கிறது.

இந்தத் தலைகீழ் வரிசைக்கும் எடுத்தவரின் திறமைக்கும் கமராவின் விலைக்கும் சம்பந்தம் குறைவு. ஒவ்வொரு படமும் எந்தப் பொருளால் ஆனது, அந்தப் பொருள் ஈரத்தையும் வெக்கையையும் எப்படித் தாங்குகிறது என்பதுதான் காரணம். இன்று ஒரு குடும்பம் தன் படங்களையெல்லாம் சேர்த்துப் புத்தகமாக அச்சிட நினைத்தால் நகரத்து ஸ்ரூடியோவுக்குப் போகலாம். கொழும்பிலுள்ள லேப்புக்கு அனுப்பலாம். இணையத்தில் ஓடர் எடுக்கும் நிறுவனத்திடம் கொடுக்கலாம். எங்கே போனாலும் பேச்சு பக்க எண்ணிக்கை, அளவு, அட்டை, விலை என்றே ஓடும். அவை வேண்டியவைதான். வாவிக்கரையில் இருப்பவர்கள் அவற்றுக்கு முன்னரே கேட்கவேண்டியவை சில உண்டு. அவற்றின் பின்னால் இருக்கும் இரசாயனவியலும் பௌதிகவியலும்தான் இந்த அத்தியாயம்.

முதலில் ஈரம். மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளம். அதற்குக் கிழக்கே, கடலுக்கும் வாவிக்கும் நடுவில் ஒடுங்கிய மணல்நிலம் எழுவான்கரை. மேற்கே வயல்களும் குளங்களுமாக விரிவது படுவான்கரை. நகரத்தின் மையமான புளியந்தீவு நாற்புறமும் நீர் சூழ்ந்தது. ஒக்டோபரில் தொடங்கி ஜனவரி வரை ஆண்டு மழையின் பெரும்பங்கு கொட்டித் தீர்க்கும். அந்த மாதங்களில் காற்றின் சாரீரப்பதன் 80 வீதத்தைத் தாண்டி நிற்பது வழக்கம். பிறகு ஆனி ஆடியில் கச்சான் வீசும். மேற்கேயிருந்து வரும் அந்தக் காற்று தன் ஈரத்தை மலைநாட்டின் மறுபக்கத்தில் இறக்கிவிட்டு வெக்கையாக இறங்குவதால் உதடு வெடிக்கும், மரக்கதவு சுருங்கி இடைவெளி விடும். மாரியில் உப்பிய கடதாசி கச்சானில் சுருங்கும். ஒரு புத்தகத்தின் முதுகும் பசையும் ஒவ்வோர் ஆண்டும் இந்த இழுபறியைத் தாங்கவேண்டும்.

கடற்காற்று உப்பையும் கொண்டுவருகிறது. சாதாரண உப்பு, சாரீரப்பதன் 75 வீதத்தைத் தொட்டதும் காற்றிலிருந்து நீரை இழுத்துத் தானே கரையத் தொடங்கும். மழைக்காலத்தில் உப்புப் போத்தலின் அடியில் நீர் ஊறுவது அதனால்தான். கடலுப்பில் சேர்ந்திருக்கும் மக்னீசியம் குளோரைட்டுக்கு ஏறத்தாழ 33 வீதமே போதும்; மட்டக்களப்பின் எந்த மாதத்திலும் அது ஈரமாகத்தான் இருக்கும். பூஞ்சணமோ, சாரீரப்பதன் 65, 70 வீதத்துக்கு மேல் நாட்கணக்கில் நின்றால் முளைவிடும்.

இனி அந்த அலுமாரிப் படங்களுக்கு வருவோம். கறுப்பு வெள்ளைப் படத்தில் கறுப்பாகத் தெரிவது வெள்ளி. மாட்டெலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுக்கும் ஜெலற்றின் என்ற புரதப் படலத்துக்குள் நுண்ணிய வெள்ளித் துணிக்கைகள் புதைந்திருக்கின்றன. உலோகம் என்பதால் அது எளிதில் அழியாது. ஈரக்காற்றில் கொஞ்சம் வெள்ளி அயனாகி, படலத்தின் மேற்பரப்புக்கு ஊர்ந்து, அங்கே மறுபடி உலோகமாகப் படிகிறது. ஓரங்களில் தெரியும் அந்தப் பளபளப்பு அதுதான். காற்று முதலில் தொடுவது ஓரத்தை அல்லவா.

கலர்ப் படத்தைக் கழுவி முடிக்கும்போது வெள்ளி முழுவதையும் நீக்கிவிடுவார்கள். எஞ்சுவது மூன்று படலங்களில் மூன்று சாயங்கள்: மயில்நீலம், கருஞ்சிவப்பு, மஞ்சள். சாயம் என்பது சேதன மூலக்கூறு, அது உடையக்கூடியது. அந்தக் காலத்துக் கலர்த் தாள்களில் மயில்நீலச் சாயம்தான் மிகவும் நலிந்தது. வெளிச்சமே படாமல் அலுமாரி இருட்டில் கிடந்தாலும் வெப்பமும் ஈரமும் சேர்ந்து அதைச் சிதைத்துவிடும். நீலம் போனால் மிஞ்சுவது சிவப்பும் மஞ்சளும். அதனால்தான் எல்லோரும் சிவந்து நிற்கிறார்கள். வெப்பநிலை 10 பாகை ஏறினால் பல இரசாயனத் தாக்கங்களின் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும் என்பது பொதுக் கணக்கு. ஒரே நெகட்டிவ்விலிருந்து எடுத்த இரண்டு பிரதிகளில் ஒன்று இங்கே கல்லடியிலும் மற்றது லண்டனில் இருக்கும் சித்தப்பாவின் வீட்டிலும் இருந்தால், பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எண்பதுகளின் நடுப்பகுதிக்குப் பிறகு வந்த தாள்களில் இந்தக் குறை பெருமளவு சரிசெய்யப்பட்டது. அதனால் அவசரமாக ஸ்கேன் செய்யவேண்டியவை அதற்கு முந்திய கலர்ப் படங்கள். கறுப்பு வெள்ளைப் படங்கள் கொஞ்சம் காத்திருக்கும்.

பிரிண்டரின் சாய மை நீரில் கரைந்தே தாளுக்கு வந்தது. காய்ந்த பிறகும் நீர் கிடைத்தால் கரையத் தயாராக இருக்கும். மழையில் நனையவேண்டியதுகூட இல்லை. 80 வீத ஈரக்காற்றே அதைப் பக்கவாட்டில் நகர்த்தப் போதும்.

இத்தனையும் அமைதியான வீட்டில் நடப்பவை. வாவிக்கரை வீடுகள் அமைதியாக இருந்த காலம் குறைவு. 1978 நவம்பர் 23 இரவு அடித்த சூறாவளி கூரைகளைக் கொண்டுபோனது. பிறகு வந்த யுத்த காலத்தில் இடம்பெயர்ந்தவர்கள் அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம், காணி உறுதி, நகை என்று கைக்கு அகப்பட்டதை எடுத்துக்கொண்டு ஓடினார்கள். கனமான அல்பத்தைத் தூக்க யாருக்கும் கை மிச்சம் இருக்கவில்லை. 2004 டிசம்பர் 26 காலை ஆழிப்பேரலை இலங்கையில் 30,000க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனபோது, கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட நாவலடி போன்ற ஊர்களில் வீடு நின்ற இடமே தெரியாமல் போனது. இறந்தவரின் முகத்தைக் காட்ட ஒரு படம்கூட இல்லாத குடும்பங்கள் இங்கே உண்டு. படப்புத்தகம் அச்சிடுவதை ஆடம்பரச் செலவாகப் பேசுவதை என்னால் ஏற்க முடியாதது இதனால்தான்.

கடல்நீரில் ஊறிய படத்துக்கு என்ன ஆகிறது? ஜெலற்றின் நீரைக் குடித்துப் பலமடங்கு தடிக்கும். அதே நேரத்தில் பற்றீரியா அதை உணவாக்கிக்கொள்ளும். ஓரத்திலிருந்து நடுப்பகுதிக்கு அரித்துக்கொண்டு போவதால், பல படங்களில் சுற்றியுள்ளவர்கள் கரைந்து நடுவில் நிற்பவர் மட்டும் மிஞ்சுவார். வெயிலில் காயப்போட்டால் காய்ந்ததுபோல் தெரியும். ஆனால் உள்ளே தங்கிய கடலுப்பு காற்றிலிருந்து நீரை மறுபடி இழுக்கும். மேலே சொன்ன 33 வீதக் கணக்கு இங்கேதான் வேலை செய்கிறது. உப்போடு காய்ந்த படம் உண்மையில் காய்வதே இல்லை. எனவே முதல் வேலை, சுத்தமான குளிர்ந்த நன்னீரில் மெல்ல அலசுவது; பிறகு படம் உள்ள பக்கம் மேலே இருக்கும்படி, ஒன்றின்மேல் ஒன்று படாமல், நிழலில் காய வைப்பது. இரண்டு நாளுக்குள் செய்துவிட வேண்டும். முடியாவிட்டால் பையில் போட்டு உறைய வைப்பது நல்லது; குளிரில் பற்றீரியா வேலையை நிறுத்திவிடும்.

2011 மார்ச் 11 சுனாமிக்குப் பிறகு ஜப்பானில் இதை ஊர்கூடிச் செய்தார்கள். மியாகி மாகாணத்தின் யமமொத்தோ என்ற சிற்றூரில் மட்டும் ஏறத்தாழ 750,000 படங்களைச் சேற்றிலிருந்து பொறுக்கி, தொண்டர்கள் கழுவி, டிஜிட்டல் பிரதி எடுத்து, உரியவர்களைத் தேடிக் கொடுக்க முயன்றார்கள். ஃப்யூஜிஃபில்ம் நிறுவனமும் படம் மீட்கும் வேலையில் இறங்கியது. லேப்பில் கழுவி எடுத்த படங்களை இப்படி அலசிக் காப்பாற்ற முடிந்ததற்குக் காரணம் உண்டு. எழுபதுகளிலிருந்து கலர்த் தாளின் இரு பக்கமும் பொலித்தீன் பூச்சு வந்துவிட்டது. நீர் ஓரம் வழியாக மட்டுமே தாளுக்குள் புகமுடியும்.

இப்போது கடைக்குப் போவோம். இன்று படப்புத்தகம் அச்சாவது நான்கு வழிகளில். முதலாவது லேப் பிரிண்ட்: பழைய வெள்ளி உப்பு முறைதான், நெகட்டிவ்வுக்குப் பதிலாக லேசர் ஒளி தாளில் படத்தை எழுதுகிறது. கலியாண வீட்டுக்காரர் எடுக்கும் தடித்த ஸ்டோரி புக் பல இடங்களில் இப்படிச் செய்யப்படுகிறது; இரண்டு படத்தாள்களை முதுகோடு முதுகு ஒட்டிப் பக்கமாக்குவதால் விரித்தால் தட்டையாகக் கிடக்கும். இரண்டாவது டிஜிட்டல் அச்சு இயந்திரம். இதில் நிறம் என்பது நிறப்பொடி கலந்த பிளாஸ்ரிக் துகள். அதை மின்னேற்றத்தால் தாளுக்கு இழுத்து, வெப்பத்தால் உருக்கிப் பதிக்கிறார்கள். மூன்றாவது சாய மை இங்க்ஜெட். நான்காவது நிறப்பொடி மை இங்க்ஜெட். இதில் நிறம் கரையாமல் நுண்துகளாகவே தாளில் உட்காரும்.

நியூயோர்க் மாநிலத்தின் ரொசெஸ்டர் நகரிலுள்ள இமேஜ் பெர்மனென்ஸ் இன்ஸ்டிடியூட் இந்த வகைகளை வெளிச்சம், காற்று மாசு, நீர், ஈரம், உராய்வு என்று தனித்தனியே சோதித்திருக்கிறது. சாய மை, ஈரத்தில் கசிகிறது. பிளாஸ்ரிக் துகள் பதித்த டிஜிட்டல் அச்சு நீருக்கும் ஈரத்துக்கும் நன்றாகத் தாக்குப்பிடிக்கிறது. அதன் பலவீனம் உராய்வு. லேப் பிரிண்டுக்கு நீண்ட வாழ்நாள் உண்டு, ஆனால் ஜெலற்றின் ஜெலற்றின்தான்: ஈரக்காலத்தில் இளகி, எதிரெதிர்ப் பக்கங்களின் பளபளப்பான முகங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பூஞ்சணத்துக்கும் இராமபாணப் பூச்சிக்கும் அது தீனி.

கடையில் “லேப் பிரிண்ட்” என்று சொன்னாலே வெள்ளி உப்புத் தாள் என்று எண்ணிவிட வேண்டாம். கழுவும் திரவம் தேவைப்படாத உலர் மினிலேப்புகள் இப்போது பரவியிருக்கின்றன. அவை உண்மையில் இங்க்ஜெட், பலவற்றில் இருப்பது சாய மை. எது எது என்று அறிய நகைக்கடைக்காரர் கண்ணில் பொருத்தும் 10 மடங்கு லென்ஸ் போதும். மாதிரிப் படத்தில் ஒரு கன்னத்தின்மேல் அதை வைத்துப் பாருங்கள். வெள்ளி உப்புத் தாளில் புள்ளியே தெரியாது, நிறம் மூட்டமாக ஒன்றிலொன்று கலந்திருக்கும். டிஜிட்டல் அச்சில் புள்ளிகள் ஒழுங்கான வரிசையில், பல இடங்களில் சிறு பூவடிவாகக் கூடி நிற்கும். இங்க்ஜெட்டில் புள்ளிகள் ஒழுங்கில்லாமல் சிதறியிருக்கும். இங்க்ஜெட் என்று தெரிந்தால் அடுத்த சோதனை: கடையில் கழித்துப்போட்ட ஒரு பிரிண்டைக் கேட்டு வாங்கி, மூலையில் ஈரவிரலால் தேயுங்கள். நிறம் விரலோடு வந்தால் அது வாவிக்கரைக்கு ஆகாது.

என் தேர்வைச் சொல்லிவிடுகிறேன். மூன்று தலைமுறைப் படங்களும் பெயர்களும் குறிப்புகளும் அடங்கிய குடும்பப் புத்தகத்துக்கு டிஜிட்டல் அச்சுத்தான் பொருத்தம், அதுவும் பளபளப்பும் பூச்சும் இல்லாத மற் தாளில். களிமண் பூசிய பளபளப்புத் தாள் நனைந்து காய்ந்தால் பக்கங்கள் ஒரே கட்டியாகிவிடும். பூச்சில்லாத தாள் நனைந்தாலும் பிரித்தெடுக்கலாம். நிறத்தில் லேப் பிரிண்டின் ஆழம் இதற்கு வராது, உண்மைதான். ஆனால் ஒரு ஸ்டோரி புக்குக்கு ஆகும் செலவில் இப்படிப் பல பிரதிகள் எடுக்கலாம். சூறாவளியும் கடலும் வந்துபோகும் ஊரில், அழகான ஒரே பிரதியைவிட வெவ்வேறு வீடுகளில் இருக்கும் மூன்று பிரதிகள் மேல். வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில்களில் படிக்கப்படும் கண்ணகி வழக்குரை இந்த ஈரத்தைத் தாண்டி வந்தது ஓலையின் பலத்தாலா? ஏடு சிதையச் சிதைய யாரோ பெயர்த்தெழுதிக்கொண்டே இருந்ததால். லேப் பிரிண்டேதான் வேண்டும் என்பவர்கள், பளபளப்பைத் தவிர்த்து, மெல்லிய சொரசொரப்புள்ள லஸ்டர் முகத்தைக் கேளுங்கள். தொடும் புள்ளிகள் குறைந்தால் ஒட்டுவதும் குறையும்.

அச்சைவிட முந்திக் கெடுவது கட்டு. விலை குறைந்த புத்தகங்களின் முதுகில் இருப்பது பெரும்பாலும் ஈ.வி.ஏ. எனப்படும் சூட்டுப் பசை. உருக்கித் தடவி ஆறவிட்டதும் இறுகும். மறுபடி சூடேறினால் இளகும். வெயிலில் நிறுத்திய வாகனத்துக்குள் கிடந்தால் அதன் பிடி தளரும், நாளானால் விறைத்து வெடிக்கும், பக்கங்கள் கொத்தாகக் கழலும். பி.யு.ஆர். என்ற பொலியூரிதேன் பசை வேறு சாதி. அது காற்றிலுள்ள ஈரத்தோடு தாக்கம் புரிந்தே இறுகுகிறது. இறுகிய பின் சூட்டுக்கு இளகாது, வளைந்து கொடுக்கும். மற்றதையெல்லாம் கெடுக்கும் மட்டக்களப்பு ஈரம் உதவிசெய்யும் ஒரே இடம் இதுதான். எல்லாவற்றிலும் மேலானது நூல் தையல். முதுகை மேலிருந்து பார்த்தால் பக்கங்கள் சிறுசிறு கட்டுகளாக மடிந்திருப்பதும் மடிப்பின் நடுவே நூல் ஓடுவதும் தெரியும். பசை முழுவதும் போனாலும் நூல் பிடித்திருக்கும்.

தாளின் நார் ஓடும் திசையையும் கேளுங்கள். இதைக் கேட்பவர் அரிது. இயந்திரத்தில் தாள் உருவாகும்போது நார்கள் பெரும்பாலும் ஒரே திசையில் படுக்கின்றன. நீரைக் குடித்த நார் நீளத்தில் அதிகம் நீளாது, அகலத்தில் தடிக்கும். ஆகவே ஈரக்காலத்தில் தாள் நாருக்குக் குறுக்காக விரியும். நார் முதுகுக்கு இணையாக ஓடினால் அந்த விரிவு பக்கத்தின் திறந்த ஓரத்தை நோக்கிப் போய்விடும், தொல்லையில்லை. முதுகுக்குக் குறுக்காக ஓடினால், ஒரு பக்கம் பசையில் இறுகிய தாள் விரிய வழியில்லாமல் அலையலையாக நெளியும். ஒரு மாதிரித் தாளை இரு திசையிலும் மெல்ல வளைத்துப் பாருங்கள். எதிர்ப்புக் குறைவாக, சுலபமாக வளையும்போது உண்டாகும் வளைவின் அச்சுத்தான் நார் ஓடும் திசை.

பழைய பிரிண்டுகளையே ஒட்டி அல்பம் செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒட்டும் பசைக்கோடுகளும் மேலே பிளாஸ்ரிக் தாளும் உள்ள அல்பம் வேண்டவே வேண்டாம். பீ.வீ.சீ. உறைகளும் அப்படியே, வெக்கையில் அவற்றிலிருந்து கசியும் மென்மையாக்கிகளும் அமிலமும் படத்தில் படிந்து ஒட்டும். அல்பத் தாளும் பசையும் படத்தைக் கெடுக்குமா என்று பார்க்க ஐஎஸ்ஓ 18916 என்ற சோதனை இருக்கிறது: 70 பாகை வெப்பத்திலும் 86 வீத ஈரத்திலும் 15 நாள், படத்துக்குப் பதிலான சோதனைப் படலங்களோடு சேர்த்து வைத்துப் பார்க்கிறார்கள். அந்த 86 வீதம் நமக்கு மாரிகாலத்துச் சாதாரண நாள்.

பொருள் நன்றாக இருந்தும் புத்தகம் மங்கலாக வருவது கோப்பினால். ஸ்ரூடியோக்களில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. வயதான தாய் ஒருவர் போனை நீட்டுகிறார்: “மனே, இவர்ர முகத்த மட்டும் பெரிசாக்கித் தாவன்.” பெடியன் பார்த்துவிட்டுச் சொல்கிறான்: “ஏலாதும்மா, இது வட்ஸ்அப்புல வந்த படம். உடையும்.”

உடைவது ஏன்? நல்ல கண், 1 பாகையின் அறுபதில் ஒரு பங்கு கோணம் வரை பிரித்தறியும். 30 சென்ரிமீற்றர் தூரத்தில் பிடித்த புத்தகத்தில் அது ஏறத்தாழ 0.087 மில்லிமீற்றர். ஓர் அங்குலத்தில் அப்படி 291 புள்ளிகள் அடங்கும். அச்சகங்கள் அங்குலத்துக்கு 300 புள்ளி கேட்பதன் கணக்கு இதுதான். 12 மெகாபிக்சல் போன் எடுக்கும் 4000க்கு 3000 புள்ளிப் படத்தை 13 அங்குல அகலம் வரை அச்சிடலாம். அதே படம் வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பப்படும்போது நீண்ட பக்கம் ஏறத்தாழ 1600 புள்ளியாகச் சுருங்குகிறது. அதாவது 5 அங்குலம் சொச்சம். எடுத்த திகதி, இடம் முதலான விவரங்களும் அநேகமாகக் கழன்றுவிடும். படத்தைப் படமாக அனுப்பாமல், டொக்கியுமென்ட் என்ற வழியில் கோப்பாக அனுப்பினால் ஒரு புள்ளியும் குறையாது. கனடாவிலும் சுவிஸிலும் இருக்கும் உறவினரிடம் படம் கேட்கும்போது இதைச் சொல்லிக் கேளுங்கள். பழைய பிரிண்டைப் போனால் படம் பிடிப்பதைவிட, தட்டை ஸ்கேனரில் அங்குலத்துக்கு 600 புள்ளியில் எடுப்பது நல்லது. அதற்கு மேல் ஏற்றினாலும் பெரும்பாலான பிரிண்டுகளில் புதிதாக எதுவும் கிடைக்காது. தாளில் இல்லாத விவரத்தை ஸ்கேனர் தராது.

இல்லாததைத் தருவதாகச் சொல்லும் செயலிகள் இப்போது நிறைய. மங்கலான முகத்தைக் கொடுத்தால் செயற்கை நுண்ணறிவு கண்ணிமை மயிர்வரை தெளிவாக வரைந்து தருகிறது. அது மீட்டெடுப்பு அல்ல. ஆயிரமாயிரம் வேறு முகங்களில் கற்றதை வைத்து, இங்கே இப்படி இருந்திருக்கலாம் என்று கணினி போடும் ஊகம். மூக்கு சற்று மாறும், கண் இன்னொருவருடையதாகும், பார்ப்பவருக்கு எங்கே மாறியது என்று சொல்லத் தெரியாது. கிழக்கிலும் வடக்கிலும் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் வருடக்கணக்காகக் கையில் ஏந்தி நிற்பது இப்படிப் பெரிதாக்கிய படங்களைத்தான். அடையாள அட்டையிலிருந்தோ யாருடையதோ கலியாணக் கூட்டப்படத்திலிருந்தோ வெட்டி எடுத்தவை. அந்த முகங்களில் இந்தச் செயலியை ஓட்டக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். மங்கலாக இருந்தாலும் அவருடைய முகம் அவருடையதாக இருக்கட்டும். படம் உடைந்தால் சிறிதாகவே அச்சிடுங்கள். 2 அங்குலத்தில் 600 புள்ளி போதுமே. செம்மைப்படுத்தித்தான் ஆகவேண்டும் என்றால், மூலப்படத்தையும் அதே பக்கத்தில் பக்கத்திலேயே வைக்கச் சொல்லுங்கள்.

முகத்தின் நிறமும் இதே கவனத்தைக் கேட்கிறது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கோடக் நிறுவனம் உலகெங்கும் லேப்புகளுக்கு அனுப்பிய நிறச் சரிபார்ப்பு அட்டைகளில் இருந்தது ஒரு வெள்ளைப் பெண்ணின் படம். ஷேர்லி அட்டை என்று பெயர். அவள் தோல் சரியாக வந்தால் இயந்திரம் சரி. கருந்தோல்கள் விவரம் இழந்து நிழலாகிப் போவது பற்றி நெடுங்காலம் எவரும் கவலைப்படவில்லை. பல இன முகங்கள் உள்ள அட்டைகள் தொண்ணூறுகளில்தான் பரவலாயின. இன்றோ தானியங்கித் திருத்தமும் கடையின் பழக்கமும் சேர்ந்து, கேட்காமலே முகத்தை வெளுத்துவிடுகின்றன. வாவியில் வலை வீசிய தாத்தாவின் கருமை அவர் முகத்தின் பாதி. ஓடர் கொடுக்கும்போதே “நிறம் கூட்டவும் வேண்டாம், வெளுக்கவும் வேண்டாம்” என்று எழுதிக் கொடுங்கள். திரை ஒளியால் நிறம் காட்டுகிறது, தாள் தன்மேல் விழும் ஒளியைத் திருப்பி அனுப்பித்தான் காட்டமுடியும். அதனால் போனில் மின்னும் மயில்நீலச் சேலை தாளில் கொஞ்சம் அடங்கித்தான் வரும். போனின் வெளிச்சத்தைப் பாதியாக்கிப் பார்த்தால் அச்சில் எப்படி வரும் என்று ஓரளவு பிடிபடும். முழுப் புத்தகத்துக்கும் முன், முகங்கள் நிறைந்த ஒரு பக்கத்தை மட்டும் அச்சிட்டுக் காட்டக் கேளுங்கள். இதற்கு உடன்படாத கடை எவ்வளவு விலை குறைத்தாலும் வேண்டாம்.

இன்னும் இரண்டு கேள்விகள் கடைக்காரரிடம். புத்தகத்தின் இறுதிக் கோப்பை முழுத் தெளிவோடு கையில் தருவீர்களா? பல இடங்களில் புத்தகம் மட்டும் தருவார்கள், வடிவமைத்த கோப்பு அவர்களிடமே தங்கி, கணினி மாறும்போது அழிந்துவிடும். அது கையில் இருந்தால்தான் இன்னொரு பிரதி எங்கேயும் எப்போதும் எடுக்கமுடியும். அடுத்தது, படத்தின் கீழ் எழுத்து. தமிழ் எழுத்துருவில் கொம்பும் புள்ளியும் இடம்மாறாமல் அச்சாகுமா என்று மாதிரிப் பக்கத்திலேயே பாருங்கள். வெளிநாட்டு இணைய நிறுவனங்களில் இது பெருந்தொல்லை. ஆட்களின் முழுப்பெயர், உறவு, ஊர், ஆண்டு எல்லாம் இடமிருந்து வலமாக இருக்கட்டும். “அம்மம்மா” என்று மட்டும் எழுதினால் அடுத்த தலைமுறையில் அது வேறொருவரைக் குறிக்கும்.

பிரதிகளை எழுவான்கரையில் ஒன்று, படுவான்கரையில் ஒன்று, கடல்மட்டத்துக்கு நல்ல உயரத்திலுள்ள ஊரிலோ வெளிநாட்டிலோ ஒன்று என்று பிரித்து வையுங்கள். ஊரின் கதைக்கும் உதவும் படங்கள் இருந்தால், பழைய கோயில் திருவிழா, பள்ளிக்கூடக் குழுப்படம், கூத்துக் களரி போன்றவை, 2005இலிருந்து ஈழத்துத் தமிழ் ஆவணங்களை இணையத்தில் சேர்த்துவரும் நூலகம் நிறுவனத்தைப் போன்ற ஆவணகங்களுக்கு ஒரு கோப்பைக் கொடுக்கலாம். வீட்டில் புத்தகத்தை வெளிச்சுவரோடு ஒட்டிய அலுமாரியின் அடித்தட்டில் வைக்கவேண்டாம். இரவில் குளிரும் சுவரில்தான் ஈரம் முதலில் படியும். உள்சுவர்ப் பக்கம், இடுப்புக்கு மேல், காற்று போய்வர இடம்விட்டு, நிமிர்த்தி வையுங்கள்.

புத்தகம் கைக்கு வந்த அன்றே பகல் வெளிச்சத்தில் எல்லாப் பக்கங்களையும் திருப்பிப் பாருங்கள். பின்பு உறையைக் கழற்றி ஒரு வாரம் அறைக்காற்றில் வைத்திருங்கள். குளிரூட்டிய அச்சகத்தின் உலர்ந்த தாள் மட்டக்களப்புக் காற்றுக்குப் பழக அந்த நாட்கள் வேண்டும். பக்கம் நெளிந்தாலோ, அட்டை வளைந்தாலோ, நடுப்பக்கத்தை விரிக்கும்போது முதுகு வெடிக்கும் சத்தம் கேட்டாலோ, அந்த வாரத்துக்குள் தெரிந்துவிடும். மிச்சக் காசை அதற்குப் பிறகு கொடுப்பதாக முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.